வலைப்பதிவு தொடங்குவதும் முதல் வாசகர்களிடம் கருத்துக் கேட்பதும்: முழுமையான வழிகாட்டி

புதிதாக வலைப்பதிவு தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில் போகிறார்கள். முதலில் கணக்குத் திறப்பார்கள். பெயர் யோசிப்பார்கள். இரண்டு வாரம் தீம், அதாவது தளத்தின் தோற்ற அமைப்பை, மாற்றிக்கொண்டிருப்பார்கள். கடைசியில் ‘வணக்கம், இது என் முதல் பதிவு’ என்று நான்கு வரி எழுதி, தெரிந்த எல்லா வாட்ஸ்அப் குழுக்களுக்கும் இணைப்பை அனுப்புவார்கள். ‘வாழ்த்துகள்’, ‘சூப்பர்’ என்று பதில்கள் வந்து குவியும். இரண்டாவது பதிவுக்கு அதில் பாதிகூட வராது. மூன்றாவது பதிவு எழுதப்படாமலே போய்விடும்.

நானும் முதல் தடவை அப்படித்தான் தொடங்கி நிறுத்தினேன். அப்புறம் வேறு வரிசையில் தொடங்கியது நிலைத்தது. நண்பர்கள் சிலர் தொடங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்தும் பார்த்திருக்கிறேன். தடுக்குகிற இடங்கள் எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். முதலில் எழுத்து, அடுத்து நாலைந்து வாசகர்கள், கடைசியில்தான் ஊருக்கெல்லாம் திறப்பது. இந்த வரிசையை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள படிகள் எல்லாம் அதை ஒட்டியே போகின்றன.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு மின்னஞ்சல் கணக்கு, யூனிகோடில் (எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) தட்டச்சு செய்ய ஒரு விசைப்பலகை, வாரத்தில் இரண்டு மூன்று மணி நேரம். இவ்வளவு போதும்.

யூனிகோட் என்று குறிப்பிட்டுச் சொல்லக் காரணம் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்து வைத்த கட்டுரைகளை அப்படியே ஒட்டினால், திரையில் புரியாத ஆங்கில எழுத்துகளாக வந்து நிற்கும். பழைய கோப்புகள் இருந்தால் எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கி, வரி வரியாக ஒரு முறை படித்துப் பாருங்கள். ஒற்றும் கொம்பும் இடம் மாறியிருக்க வாய்ப்புண்டு.

1. ஒரே ஒரு ஆளை மனதில் வையுங்கள்

‘எல்லோருக்கும்’ என்று நினைத்து எழுதினால் விளக்கம் கூடும், குரல் மேடைப்பேச்சாகும். உங்களுக்குத் தெரிந்த ஒரு மனிதரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு எது தெரியும், எது தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் எங்கே விளக்க வேண்டும், எங்கே விட்டுவிடலாம் என்ற குழப்பம் வராது.

தலைப்பைக் குறுக்கிக்கொள்ள வேண்டுமா என்று பலர் கேட்பார்கள். தனிப்பட்ட வலைப்பதிவுக்கு அவசியமில்லை. செடி வளர்ப்பும் கணக்கு வாத்தியாரின் நினைவும் ஒரே இடத்தில் இருக்கலாம். யாரிடம் பேசுகிறீர்கள் என்பது மட்டும் மாறாமல் இருக்கட்டும்.

2. தளம் திறக்கும் முன் மூன்று பதிவுகளை எழுதி முடியுங்கள்

மூன்று ஏன்? முதல் பதிவு, நெடுநாளாக மனதில் கிடந்த விஷயம். அது தானாக வந்துவிடும். இரண்டாவதைக் கொஞ்சம் யோசித்து எழுத வேண்டியிருக்கும். மூன்றாவதை எழுதும்போதுதான் இந்த வேலை உங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்று தெரியும். பிடிக்கவில்லை என்றால் தளம் திறந்த அலைச்சல் மிச்சம்.

இதில் ‘நான் ஏன் எழுத வருகிறேன்’ என்ற அறிமுகப் பதிவைக் கணக்கில் சேர்க்காதீர்கள். உங்களைத் தெரியாத வாசகருக்கு அதில் எதுவும் இல்லை. உங்களைப் பற்றிச் சொல்ல நினைப்பதை ‘என்னைப் பற்றி’ பக்கத்தில் ஐந்தாறு வரியில் எழுதிவிடலாம்.

பதிவுகளைத் தளத்தின் எழுதுபெட்டியில் நேராக அடிக்காமல் தனிக் கோப்பில் எழுதுங்கள். உலாவி நடுவில் மூடிக்கொண்டால் எழுதியது போய்விடலாம் என்பது ஒரு காரணம். இன்னொன்று, எழுதுபெட்டியில் ‘வெளியிடு’ பொத்தான் கண்ணெதிரே இருக்கும். பாதி வெந்த பதிவை அழுத்திவிடுவதற்கு அதுவே தூண்டும்.

3. இடத்தைத் தேர்ந்தெடுங்கள், ஒரே நாளில்

தொடங்குகிறவருக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. கூகுளின் பிளாகர் இலவசம், பராமரிப்பு ஒன்றுமில்லை, சொந்த இணைய முகவரி வாங்கினால் கூடுதல் கட்டணமின்றி இணைத்துக்கொள்ளலாம். தோற்றத்தை மாற்றும் வசதிகள் குறைவு. வேர்ட்பிரஸ்.காம் என்ற சேவையின் இலவசக் கணக்கு பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் விளம்பரங்களைக் காட்டும், சொந்த முகவரிக்குப் பணம் கட்ட வேண்டும். மூன்றாவது, இணையச் சேவையகத்தில் வாடகைக்கு இடம் எடுத்து வேர்ட்பிரஸ் மென்பொருளை நீங்களே நிறுவுவது. மென்பொருள் இலவசம், முழுச் சுதந்திரம்; ஆனால் புதுப்பிப்பு, காப்புப் பிரதி, பாதுகாப்பு எல்லாம் உங்கள் தலையில்.

வேர்ட்பிரஸ் என்ற ஒரே பெயரில் சேவை ஒன்று, மென்பொருள் ஒன்று என இரண்டு இருப்பதால் பலர் குழம்புகிறார்கள். ஒன்றுக்கு எழுதப்பட்ட வழிமுறையை இன்னொன்றில் தேடி, அந்தப் பொத்தானே இல்லையே என்று திண்டாடுவார்கள். எதில் இருக்கிறோம் என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

என் கருத்தைக் கேட்டால், முதல் பத்துப் பதிவுகளுக்குப் பிளாகர் அல்லது வேர்ட்பிரஸ் இலவசக் கணக்கு போதும். இரண்டிலிருந்தும் எழுதியதைக் கோப்பாக இறக்கி வேறிடம் கொண்டுபோக முடியும். தொழில்நுட்பத்தில் கை பழகியவர்களைத் தவிர மற்றவர்கள் மூன்றாவது வழியில் தொடங்கினால், எழுத வேண்டிய நேரமெல்லாம் செருகுநிரல்களை (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் சிறு நிரல்கள்) சரிசெய்வதில் போய்விடும்.

4. பெயரும் முகவரியும்

பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தொலைபேசியில் ஒருவரிடம் சொன்னால், எழுத்துக்கூட்டாமல் அவர் தட்டச்சு செய்ய வேண்டும். ‘ழ’, ‘ள’, ‘ற’ வரும் தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள் என்பதை மறக்காதீர்கள். சொந்த முகவரி வாங்கினால் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் வாங்குங்கள். ‘நான் பார்த்துக்கிறேன்’ என்று நண்பர் தன் கணக்கில் வாங்கிக்கொடுத்து, புதுப்பிக்கும் நாளில் அவரைத் தேடி அலைந்த கதை எனக்குத் தெரிந்தே இரண்டு உண்டு.

ஒவ்வொரு பதிவுக்கும் தனி முகவரி உண்டு. அங்கேதான் தமிழில் எழுதுகிறவர்களுக்கே உரிய ஒரு தடங்கல் வருகிறது. தமிழ்த் தலைப்பு அப்படியே முகவரியானால், அதை நகலெடுத்துப் பகிரும்போது பல இடங்களில் சதவீதக் குறிகளும் எண்களுமாக நீண்டுவிடும். ‘க’ என்ற ஒரு எழுத்து ஒன்பது குறிகளாகும், ‘கி’ பதினெட்டாகும். ஆறேழு சொல் தலைப்பு என்றால் இணைப்பு திரையை நிறைத்துவிடும், பார்ப்பவர் அழுத்தத் தயங்குவார். பிளாகரில் வேறு விதம். தமிழ் எழுத்துகளை விட்டுவிட்டு ‘பிளாக்-போஸ்ட்’ என்ற பொதுப்பெயரை அதுவே வைத்துக்கொள்ளும். எந்த இணைப்பு எந்தப் பதிவுடையது என்று பிறகு உங்களுக்கே தெரியாது.

ஆகவே வெளியிடும் முன்பே, ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொற்கள் கொண்ட சிறு முகவரியை நீங்களே கொடுங்கள். பிளாகரில் வெளியிட்ட பிறகு மாற்ற வேண்டுமென்றால் பதிவை மறுபடி வரைவாக்க வேண்டும். அதற்குள் பகிர்ந்த பழைய இணைப்புகள் வேலை செய்யாமல் போகும்.

5. தோற்றம்: கைப்பேசியில் படிக்க முடிந்தால் போதும்

தளத்தோடு வரும் எளிய தீம் ஒன்றை எடுத்துக்கொண்டு நான்கு விஷயங்களை மட்டும் பாருங்கள்.

எழுத்தளவு 17 அல்லது 18 பிக்சல். ஆங்கிலத்துக்குச் சரியாக இருக்கும் அளவு தமிழுக்குச் சிறியதாகத் தெரியும். வரி இடைவெளி 1.6 முதல் 1.8 வரை, ‘கி’, ‘கு’ போல எழுத்துக்கு மேலும் கீழும் குறிகள் வருவதால் நெருக்கினால் வரிகள் முட்டிக்கொள்ளும். பத்திகளை இரு பக்கமும் சீராக்காமல் இடப்பக்கம் மட்டும் சீராக்குங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, கைப்பேசியின் சிறு திரையில் ஒரு வரிக்கு மூன்று சொல்தான் பிடிக்கும், இரு பக்கமும் இழுத்தால் நடுவில் ஓட்டை விழும். சாய்வெழுத்து வேண்டாம். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களுக்குத் தனிச் சாய்வு வடிவம் இல்லாததால், உலாவி நேரெழுத்தையே சாய்த்துக் காட்டும்.

கோப்பிலிருந்து ஒட்டும்போது வடிவமைப்பை நீக்கி, வெறும் உரையாக ஒட்டுங்கள். இல்லாவிட்டால் பத்திக்குப் பத்தி எழுத்துரு மாறும்.

படங்கள் போடுவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. கைப்பேசியில் எடுத்த புகைப்படத்துக்குள் எடுத்த இடத்தின் தகவலும் பதிந்திருக்கலாம். வீட்டில் எடுத்த படம் என்றால் அது உங்கள் வீட்டு முகவரிக்குச் சமம். இடத்தகவலை நீக்கிவிட்டு ஏற்றுங்கள்.

6. கதவைப் பாதி மட்டும் திறந்து வையுங்கள்

மூன்று பதிவுகளையும் ஏற்றியாயிற்று. இப்போது தளத்தை முதல் வாசகர்களுக்கு மட்டும் காட்ட வேண்டும். பிளாகரில் மின்னஞ்சல் மூலம் அழைத்தவர்கள் மட்டும் படிக்கும்படி அமைக்கலாம். ஆனால் அவர்கள் கூகுள் கணக்கில் நுழைய வேண்டியிருக்கும். பழக்கமில்லாதவர்கள் வாசலிலேயே திரும்பிவிடுவார்கள். வேர்ட்பிரஸில் பதிவுக்குக் கடவுச்சொல் போடலாம், அது கொஞ்சம் எளிது.

இதற்கெல்லாம் நேரமில்லை என்றால், தேடுபொறிகளில் தெரிய வேண்டாம் என்ற அமைப்பை மட்டும் போட்டுவிட்டு இணைப்பை அனுப்புங்கள். தளத்தை முழுமையாகத் திறக்கும் நாளில் அந்த அமைப்பை மறக்காமல் எடுக்க வேண்டும். என் நண்பர் ஒருவர் எட்டு மாதம் எழுதினார். கூகுளில் தேடினால் ஒரு பதிவும் வரவில்லையே என்று வருந்தினார். அந்தச் சின்னக் குறி அப்படியே இருந்ததுதான் காரணம்.

7. ஐந்து பேரைத் தேர்ந்தெடுங்கள்

இணையதளங்களைப் பயன்படுத்துவது எவ்வளவு எளிது என்று சோதிப்பதில் பெயர்பெற்ற ஜேக்கப் நீல்சன், ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே பெரும்பாலான கோளாறுகள் தெரிந்துவிடும் என்று 2000-இல் எழுதினார். அவர் சொன்னது இணையதளங்களைப் பற்றி. எழுத்துக்கும் ஐந்து நல்ல எண்ணிக்கை என்பது என் அனுபவம். இரண்டு பேர் என்றால் ஒருவருடைய ரசனை உங்களை ஆட்டிவைக்கும். பதினைந்து பேர் என்றால் பதினைந்து திசைகள்.

யார் யார்? நீங்கள் எழுதும் விஷயம் தெரிந்த ஒருவர், அறவே தெரியாத ஒருவர், நிறையப் படிக்கிற ஒருவர், கைப்பேசியில் மட்டுமே படிக்கிற ஒருவர், உங்களிடம் ‘இது சரியில்லை’ என்று முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய ஒருவர். கடைசி ஆள்தான் கிடைப்பதற்கு அரிது. கிடைத்தால் அவருடைய நேரத்தைப் பொன்போல மதியுங்கள்.

கணவன், மனைவி, அம்மா, அப்பா இந்த ஐவரில் வேண்டாம் என்பேன். அவர்கள் எழுத்தைப் படிப்பதில்லை, உங்களைப் படிக்கிறார்கள். அவர்களுடைய மகிழ்ச்சிக்காக ஒரு பிரதியைத் தனியாகக் காட்டுங்கள். கருத்து மட்டும் கேட்காதீர்கள்.

8. கேட்கும் விதம்

வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். ‘படிச்சுட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க’ என்று அனுப்புகிறோம். அந்தக் கேள்விக்கு நாகரிகமான பதில் ஒன்றுதான் இருக்கிறது: ‘நல்லா இருக்கு.’ அவர்கள் பொய் சொல்லவில்லை. வேறு எதைச் சொல்வது என்று நாம் வழி காட்டவில்லை.

வாசகரிடம் தீர்ப்புக் கேட்காதீர்கள். படிக்கும்போது என்ன நடந்தது என்று கேளுங்கள். தீர்ப்புச் சொல்ல எல்லோருக்கும் கூச்சம் உண்டு. எங்கே கவனம் கலைந்தது என்று சொல்ல யாருக்கும் கூச்சமில்லை. நான் கேட்பவை நான்கு:

எந்த இடத்தில் நிறுத்தினீர்கள், அல்லது நிறுத்தலாமா என்று தோன்றியது?
எந்த வரியை இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது?
படித்து ஒரு நாள் ஆன பிறகும் நினைவில் இருப்பது எது?
எந்தப் பத்தி இல்லாமலே இருந்திருக்கலாம்?

மூன்றாவது கேள்வியை மறுநாள் கேளுங்கள். நீங்கள் உயிரைக் கொடுத்து எழுதிய பத்தி அவருக்கு நினைவிலேயே இருக்காது. போகிற போக்கில் எழுதிய ஒரு வரியை அப்படியே திருப்பிச் சொல்வார். உங்கள் எழுத்தின் பலம் எங்கே இருக்கிறது என்று அந்தப் பதிலிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

ஒரு நேரத்தில் ஒரே பதிவை அனுப்புங்கள். மூன்றையும் சேர்த்து அனுப்பினால் ‘நேரம் கிடைக்கும்போது படிக்கிறேன்’ என்று ஓரமாக வைக்கப்படும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். குழுவில் போட்டால் முதலில் பேசியவர் சொன்னதையே மற்றவர்களும் ஆமோதிப்பார்கள். எனக்குப் பயன்பட்ட செய்தி இந்த மாதிரி இருக்கும்:

“ஒரு உதவி வேணும். ஒரு பதிவு எழுதியிருக்கேன், படிக்கப் பத்து நிமிஷம் ஆகும். பாராட்டோ பிழைதிருத்தமோ வேண்டாம். எந்த இடத்துல சலிச்சது, எந்த இடத்துல புரியல, இது ரெண்டு மட்டும் சொன்னா போதும். குரல் பதிவா அனுப்பினாலும் சரி. ஞாயிறு ராத்திரிக்குள்ள முடியாதுன்னா சொல்லிடுங்க, வேற யார்கிட்டயாவது கேட்டுக்கறேன்.”

இதில் எவ்வளவு நேரம், என்ன வேண்டும், என்ன வேண்டாம், எப்போதைக்குள், மறுக்க என்ன வழி எல்லாம் இருக்கின்றன. மறுக்க வழி கொடுப்பது மிகவும் முக்கியம். இல்லாவிட்டால் அவர் படிக்கவும் மாட்டார், சொல்லவும் சங்கடப்படுவார், உங்களைப் பார்த்தால் ஒதுங்கிப் போவார். ஒரு பதிவுக்காக நட்பில் அப்படி ஒரு நெருடல் வரக்கூடாது.

குரல் பதிவைச் சும்மா சேர்க்கவில்லை. எழுதச் சொன்னால் இரண்டு வரியோடு முடித்துக்கொள்கிறவர்கள், பேசச் சொன்னால் ஐந்து நிமிடம் பேசுவார்கள். அவர்கள் தயங்கும் இடமும் காதில் விழும்.

குறியிட்டுக் காட்ட விரும்புகிறவர்களுக்குக் கூகுள் டாக்ஸில் ஒரு பிரதி கொடுக்கலாம். அனுமதியைக் ‘கருத்திடுபவர்’ என்று வையுங்கள். ‘திருத்துபவர்’ என்று கொடுத்தால், நல்லெண்ணத்தோடு உங்கள் வாக்கியங்களையே மாற்றிவிடுவார்கள்.

9. பதில் வரும்போது

விளக்கம் சொல்லாதீர்கள். ‘இல்லைங்க, நான் அங்க சொல்ல வந்தது என்னன்னா’ என்று தொடங்கிய நொடியில் அவர் பின்வாங்கிவிடுவார். அடுத்த முறை ‘நல்லா இருக்கு’ மட்டும்தான் வரும். நன்றி சொல்லி, ‘அந்த இடத்தில் உங்களுக்கு என்ன தோன்றியது?’ என்று மட்டும் கேளுங்கள். எழுதியதைப் படித்தே புரிய வேண்டும். ஒவ்வொரு வாசகர் பக்கத்திலும் நீங்கள் உட்கார்ந்து விளக்க முடியாது.

வந்ததை எல்லாம் ஒரே தாளில் எழுதி வையுங்கள், யார் சொன்னது என்ற குறிப்போடு. அன்றைக்கே திருத்த உட்காராதீர்கள். இரண்டு நாள் போகட்டும். முதல் நாள் காயமாகத் தெரிவது மூன்றாம் நாள் தகவலாகத் தெரியும்.

10. எதைத் திருத்துவது, எதை விடுவது

இரண்டு பேர் தனித்தனியாக ஒரே இடத்தைச் சுட்டினால் அங்கே கோளாறு இருக்கிறது, சந்தேகமில்லை. ஒருவர் மட்டும் சொன்னது ரசனை சார்ந்ததாக இருக்கலாம். உங்களுக்கும் அந்த இடம் முன்பே உறுத்தியிருந்தால் மட்டும் கை வையுங்கள். தகவல் பிழை என்றால் ஒருவர் சொன்னாலும் போதும், சரிபார்த்து உடனே திருத்துங்கள்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். வாசகர் இடத்தைச் சரியாகக் காட்டுவார், மருந்தைத் தவறாகச் சொல்வார். நாற்பது வயதில் நீச்சல் கற்றதைப் பற்றி நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். ‘ரொம்ப நீளம், பாதியாகக் குறைத்துவிடு’ என்று மூன்று பேர் சொன்னார்கள். சேர்ந்து படித்துப் பார்த்தோம். முதல் மூன்று பத்திகளும் உடற்பயிற்சியின் நன்மைகள். நான்காவது பத்தியில்தான் அவர் தண்ணீருக்குள் இறங்குகிறார். அந்த மூன்றை மட்டும் எடுத்தோம், மீதியைத் தொடவில்லை. அடுத்துப் படித்த யாரும் நீளம் என்று சொல்லவில்லை. முதல் பதிவுகளில் இந்தக் கோளாறுதான் மிக அதிகம். ‘நீளம்’ என்று யாராவது சொன்னால் முதலில் தொடக்கத்தைப் பாருங்கள்.

எல்லாக் கருத்தையும் ஏற்றுத் திருத்திய பதிவு யாருடைய குரலும் இல்லாமல் வெளுத்துப்போகும். உங்கள் ஊர்ச் சொல், நீங்கள் பேசும் தாளம், இவற்றில் ஒருவருக்குத் தடங்கல் இருந்தாலும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

திருத்திய பிறகு, கருத்துச் சொன்னவருக்கு ஒரு வரி அனுப்புங்கள்: ‘நீங்க சொன்ன அந்த மூணாவது பத்தியை எடுத்துட்டேன்.’ தான் சொன்னது பயன்பட்டது என்று தெரிந்தவர் அடுத்த பதிவையும் மனமுவந்து படிப்பார். தயவுசெய்து இதைத் தவறவிடாதீர்கள்.

11. எல்லோருக்கும் திறப்பது

தேடுபொறி அமைப்பை மாற்றுங்கள். பின்னூட்டப் பெட்டியைத் திறந்து வையுங்கள், மட்டுறுத்தலோடு. தொடக்கத்தில் எல்லாப் பின்னூட்டங்களையும் நீங்கள் பார்த்த பிறகே வெளியிடுவது நல்லது. வரும் முதல் பத்தில் பல, விளம்பர இணைப்பு ஒட்டிய குப்பையாக இருக்கலாம். அதற்காகக் கணக்கு வைத்திருப்பவர்கள் மட்டும் எழுதலாம் என்று கட்டுப்படுத்தினால் உண்மையான வாசகரும் போய்விடுவார். மட்டுறுத்தல் இருக்கும்போது அந்தக் கட்டுப்பாடு தேவையில்லை.

மூன்று பதிவுகளையும் ஒரே நாளில் வெளியிட்டாலும் பகிரும்போது ஒன்றை மட்டும் பகிருங்கள். இணைப்போடு, பதிவிலிருந்து இரண்டு வரியையும் கொடுங்கள். ‘என் புதிய பதிவு, படித்துக் கருத்துச் சொல்லுங்கள்’ என்பதில் அழுத்திப் பார்க்க ஒரு காரணமும் இல்லை.

பதிவின் முடிவில் ‘கருத்துகள் வரவேற்கப்படுகின்றன’ என்று எழுதுவதற்குப் பதில், அந்தப் பதிவை ஒட்டிய ஒரு குறிப்பான கேள்வியை வையுங்கள். நீச்சல் பதிவின் கீழே ‘பெரியவரான பிறகு எதையாவது புதிதாகக் கற்றபோது உங்களுக்கு எது பயமாக இருந்தது?’ என்று கேட்டார் நண்பர். அறிமுகமே இல்லாத ஒருவர் மிதிவண்டி பழகியதைப் பற்றி நீளமாக எழுதியிருந்தார்.

12. முதல் மூன்று மாதம்

வாரம் ஒன்று என்று வாக்குக் கொடுத்துக்கொள்ளாதீர்கள். மாதம் இரண்டு போதும். பார்வை எண்ணிக்கையை மாதம் ஒரு முறை பாருங்கள். தினமும் பார்த்தால் எதை எழுத வேண்டும் என்பதை அந்த எண்ணே தீர்மானிக்கத் தொடங்கிவிடும். அறிமுகமில்லாதவர் எழுதும் பின்னூட்டத்துக்கு ஒன்றிரண்டு நாளுக்குள் பதில் எழுதுங்கள், ‘நன்றி’யோடு நிறுத்தாமல் அவர் சொன்னதைத் தொட்டு.

ஐவரில் ஓரிருவர் சோர்ந்துபோவது இயல்பு. அவர்களை விடுவித்து, பின்னூட்டம் எழுதியவர்களில் கவனமாகப் படிக்கிற ஒருவரிடம் அடுத்த வரைவைக் காட்டலாமா என்று கேளுங்கள்.

மாதத்துக்கு ஒரு முறை பதிவுகளைக் கோப்பாக இறக்கி வையுங்கள். பிளாகரிலும் வேர்ட்பிரஸிலும் இதற்கு வழி உண்டு.  அந்தக் கோப்பில் உரை இருக்கும், படங்களின் இணைப்பு இருக்கும், படங்கள் இருக்காது. ஆகவே படங்களைத் தனி அடைவில் போட்டு, பதிவின் பெயரையே அடைவுக்கும் வையுங்கள். இறக்கிய கோப்பை ஒரு முறை திறந்து, கடைசியாக எழுதிய பதிவு உள்ளே வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடுங்கள்.